ஸைனம்புவின் வயலுக்கு வந்த நைல்

1956ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினெட்டாம் திகதி, புதன்கிழமை, நண்பகல் லுஹர் தொழுகைக்குச் சற்று முன், நைல் நதி ஸைனம்புவின் வயலுக்கு வந்து சேர்ந்தது. பல்லேபொலையிலிருந்து கலேவெலைக்குப் போகும் பாதையில், பள்ளிவாசலைத் தாண்டி இறங்கினால் வருவது கீழ்வயல். அதில் அவளுடைய பங்கு ஒரு பேலை விதைப்பு, அதாவது அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. குளம் வற்றி மடை பூட்டியிருந்த காலம். சுற்றியிருந்த வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. அவளுடைய பேலையில் மட்டும் முதலில் பாசி நிறத்தில் ஈரம் கசிந்தது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குக் கணுக்கால் அளவு, மறுநாள் முழங்கால் அளவு. மூன்றாம் நாள் தண்ணீர் சிவந்து, இடுப்பளவு நின்று, மெதுவாக வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வடக்கே போய் எங்கே விழுகிறது என்று பார்க்கப் போனவர்கள், வயலின் ஓரத்தோடு அது முடிந்துவிடுவதைக் கண்டு திரும்பினார்கள். அதற்கு அப்பால் வெடித்த நிலம்தான்.

அது நைல் என்று சொன்னவர் தேத்தண்ணிக் கடை சாலிஹ். யுத்த காலத்தில் பயனியர் படையில் சேர்ந்து, மிஸ்ர் என்னும் எகிப்து தேசத்தில் மூன்று வருஷம் பட்டாளத்துக்கு மண் வெட்டிவிட்டு வந்தவர். அவர் வயலில் இறங்கி ஒரு கை அள்ளி, வாயில் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு விழுங்கினார்.

"நைல்தான். இந்தத் தண்ணியால எனக்கு ரெண்டு தரம் வயித்தோட்டம் வந்தது. மறப்பேனா?"

ஊர் ஏற்றுக்கொண்டது. மிஸ்ர் அவர்களுக்குப் புதிய இடமல்ல. யூஸுப் நபி பஞ்சத்துக்குத் தானியம் சேர்த்த தேசம், மூஸா நபி குழந்தையாகப் பேழையில் மிதந்த ஆறு என்று சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்துக்கு முன் மத்ரஸாவில் படித்திருந்தார்கள். மாத்தளையில் இருக்கும் அரசாங்கக் கச்சேரியைப் பற்றித் தெரிந்ததைவிட அந்த ஆற்றைப் பற்றி அவர்களுக்குக் கூடத் தெரியும். ஸைனம்புவிடம் போய்ச் சொன்னபோது அவள் யாருடைய வீட்டுக்கோ நெல் குற்றிக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்தாமல், "வந்தா வரட்டும். இந்த ஊர்ல எனக்குத் தண்ணி விட வேற யாரு ஈக்குது?" என்றாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவன் புஹாரி நெஞ்சு நோயில் மௌத்தாகி ஆறு வருஷம். பதினொரு வயதில் றஸ்மியா என்று ஒரே மகள். ஸைனம்பு ஊரார் வீட்டு நெல்லைக் குற்றினாள், ஊரார் தோட்டத்து மிளகைக் காய வைத்தாள், பாய் பின்னினாள். காலையில் எழும்பும்போதே அவள் களைத்திருந்தாள். படுக்கும்போது இருக்கும் களைப்புக்கும் அதற்கும் வித்தியாசம் என்னவென்று கேட்டால் அவளால் சொல்லத் தெரிந்திருக்காது.

நைல் வந்ததை விட, அது எதுவரை வந்தது என்பதுதான் ஊரைப் பேசவைத்தது. ஸைனம்புவின் வாப்பா ஸக்கரியா 1949இல் மௌத்தானபோது மூன்று பேலை விட்டுப்போனார். மார்க்கப்படி மகன் யஹ்யாவுக்கு இரண்டு, மகள் ஸைனம்புவுக்கு ஒன்று. நடுவே ஒரு பொது வரம்பு. விதைப்புக்கு முன் வரம்பில் வளர்ந்த புல்லைச் செதுக்கி, புதுச் சேற்றை அணைத்துக் கட்டுவது அங்கத்தைய வழக்கம். வீட்டில் ஆண் இல்லாதவளுக்கு அந்த வேலையை நானா, அதாவது அண்ணன் யஹ்யாவே செய்து கொடுத்தார். தன் பக்கத்தில் மம்மட்டியை ஒரு பிடி ஆழமாகப் போட்டுச் செதுக்குவார். செதுக்கிய சேற்றைத் தங்கச்சியின் பக்கம் அணைப்பார். பார்ப்பவர்களுக்கு அது நல்ல, திருத்தமான வரம்பு. ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் அது தங்கச்சியின் பக்கம் அரை முழம் நடந்தது. ஆறு வருஷத்தில் ஆறு முழம் நடந்திருந்தது. நைல் அந்த வரம்பை மதிக்கவில்லை. அதன் மேலால் ஏறி, யஹ்யாவின் பக்கத்தில் ஆறு முழம் உள்ளே போய், ஒன்றும் இல்லாத வெறும் இடத்தில், கத்தியால் வெட்டிய கருப்பட்டிபோல நேராக நின்றது. யஹ்யாவின் மீதி நிலத்தில் ஒரு துளியும் விழவில்லை.

ஊரார் தண்ணீரைப் பார்த்தார்கள், வரம்பைப் பார்த்தார்கள், யஹ்யாவைப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

ஸைனம்புவுக்கு இது முன்பே தெரியும். ஆறு முழத்து நெல் என்றால் அவளுக்கும் றஸ்மியாவுக்கும் இரண்டு மாதச் சோறு. சில வருஷமாக, அறுவடைக்கு முந்திய இரண்டு மாதமும் அந்த வீட்டில் மரவள்ளியும் பலாக்கொட்டையும்தான். ஆனால் அவளுடைய நிக்காஹ்வை நடத்தியவர் நானா. புஹாரியை அடக்கக் கொண்டுபோன சந்தூக்கை முன்னால் நின்று சுமந்தவர் நானா. பெருநாளைக்கு றஸ்மியாவுக்குச் சட்டைத்துணி கொண்டுவருபவரும் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் போய், நீ என் நிலத்தைத் தின்கிறாய் என்று எப்படிச் சொல்வது? மனிதர்கள் எல்லாரும் கெட்டவர்களாக இருந்து கெடுதி செய்வதில்லை. மம்மட்டி கையில் இருக்கிறது, பார்க்க ஆளில்லை, ஒரு பிடி ஆழமாகப் போய்விடுகிறது.

ஒக்டோபர் வரை தண்ணீர் நின்றது. அதில் மீன் இருந்தது. இரண்டாள் உயரத்துக்கு முக்கோணத் தண்டுள்ள ஒரு கோரை முளைத்தது. ஸைனம்பு அதை வெட்டிப் பாய் பின்னினாள், நல்ல விலைக்குப் போனது. பிறகு ஒரு நாள் காலையில் தண்ணீர் வற்றி, கறுத்த, எண்ணெய் மினுங்கும் வண்டல் வயல் முழுக்கப் படிந்திருந்தது. பழைய வரம்பு கரைந்து போயிருந்தது. அந்தச் சேற்றின் வழியே நாலு பேர் நடந்து வந்தார்கள். தலை மழித்திருந்தார்கள். இடுப்பில் சாரம்போல வெள்ளை நார்த்துணி. மூன்று பேரின் தோளில் முடிச்சுப் போட்ட கயிறும் கற்களும். நாலாமவர் கிழவர், கண்ணில் பூளை கட்டி நீர் வடிந்தது, கையில் கறுப்பு மையும் சிவப்பு மையும் உள்ள ஒரு பலகை. ஆறு ஏறி வரம்பு அழிந்த பின், நிலத்தை அளந்து அவரவர் எல்லையைத் திரும்பக் காட்டிக் கொடுப்பது இவர்களுடைய உத்தியோகம் என்று சாலிஹ் விளக்கினார். அது எத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முந்திய உத்தியோகம் என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அவர்கள் கயிற்றைப் பிடித்தார்கள். மூன்று முடிச்சு, நாலு முடிச்சு, ஐந்து முடிச்சு என்று மூலை மடித்தார்கள், நேர் பார்த்தார்கள், கிழவர் எழுதினார். அவர்களுடைய முகத்தில் அதிசயம் ஒன்றும் இல்லை. வேலை மட்டும் இருந்தது. ஸைனம்பு பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றுவரை தன்னைவிடக் களைத்த மனிதரை அவள் கண்டதில்லை. அவள் வீட்டுக்குப் போய் நாலு ரொட்டி தட்டினாள். அதற்குள் செய்தி பள்ளிவாசலுக்குப் போய், இவர்கள் மூஸா நபியைத் துரத்திய பிர்அவ்ன் மன்னனுடைய ஆட்கள் அல்லவா, இவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கலாமா என்று கேள்வி எழும்பியது. பள்ளிவாசலில் தொழுவிக்கும் ஸெய்னுலாப்தீன் லெப்பை கிதாபைப் புரட்டாமலே சொன்னார்.

"பிர்அவ்னுட ஆக்கள் கடல்ல முங்கிட்டாங்க. இவங்க தண்ணியால ஏறி வந்தீக்கிறாங்க. அப்ப இவங்க வேற ஆக்கள். மத்தது, மூஸா நபியே அந்த வீட்டுச் சோத்தத் தின்னு வளந்தவங்கதானே? குடு புள்ள, ஆறப்போகுது."

அளக்க வந்தவர்கள் சேற்றில் குந்தியிருந்து, ரொட்டியைப் பச்சை வெங்காயத்தோடு சாப்பிட்டார்கள். ஸைனம்பு கருப்பட்டித் துண்டும் பிளேன்டியும் வைத்தாள். இன்னும் எத்தனை வயல் அளக்க இருக்கிறது என்று அவள் தமிழில் கேட்டாள். கிழவர் தன் பாஷையில் ஏதோ சொல்லி, வானமும் நிலமும் தொடும் இடம் வரைக்கும் கையை மெதுவாகக் கொண்டுபோய்க் காட்டினார். பிறகு எழும்பி, நைல் நின்ற அதே கோட்டில் மூன்று எல்லைக்கல் நாட்டிவிட்டு, வந்த வழியே போனார்கள்.

நாட்டிய கல்லைப் பிடுங்கக்கூடாது என்பது யஹ்யாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவருக்கு வெட்கமாக இருந்தது, வெட்கம் கோபமாக மாறியிருந்தது. யாரோ தனக்குச் சூனியம் செய்து ஆற்றை அனுப்பியிருப்பதாக அவர் சொல்லத் தொடங்கியிருந்தார். நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை, ஊர் ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவில் இருந்த நேரம் பார்த்து, அவர் வயலில் இறங்கி நடுக்கல்லைப் பிடுங்கித் தோளில் வைத்தார். அம்மிக்கல் அளவான கல். ஆறு முழம் தள்ளிக்கொண்டுபோய் இறக்கப் பார்த்தார். கல் தோளை விட்டு இறங்கவில்லை. குனிந்து பார்த்தார், உலுக்கிப் பார்த்தார், படுத்துப் புரண்டு பார்த்தார். ஜும்ஆ முடிந்து வந்தவர்கள், உடம்பெல்லாம் சேறாக, தோளில் கல்லோடு அவர் வீட்டுக்குப் போவதைக் கண்டார்கள். பிறருடைய நிலத்தில் ஒரு சாண் எடுத்தவனுக்கு அது மறுமையில் கழுத்தில் மாலையாகும் என்று எல்லாரும் கேட்டிருந்தார்கள். யஹ்யாவுக்குக் கொஞ்சம் முந்திக் கிடைத்துவிட்டது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஆறு வருஷம் அவர் அந்தக் கல்லைச் சுமந்தார். ஒருக்களித்துத் தூங்கப் பழகினார். சுஜூதில் குனியும்போது பக்கத்தில் தொழுபவர் கொஞ்சம் விலகிக் கொடுத்தார். மனைவி மஸீஹா சட்டைகளின் வலது தோளை வெட்டிப் பொத்தான் வைத்துத் தைத்தாள். கலேவெல பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர், "நானாவுக்கு ஒரு டிக்கெட், கல்லுக்கு அரை டிக்கெட்டா?" என்று கேட்பான். சாலிஹின் கடையில் யாராவது, "கல்லு வளந்தீக்குற மாதிரி தெரியுதே, என்ன தின்னக் குடுக்குறீங்க?" என்பார்கள். யஹ்யா, "எனக்கு இது ஒரு பாரமா? சும்மா வச்சீக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியை இடது கையால் குடிப்பார். கல்லைத் திரும்ப அதன் குழியில் கொண்டுபோய் வைத்தால் இறங்கும் என்று ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் வைக்கப் போனால், எடுத்தவர் தான் என்று ஆகிவிடும். சிலருக்குக் கல்லைவிட அந்த ஒரு வசனம் பாரமாக இருக்கிறது. மற்ற இரண்டு கல்லும் ஒருபுறம் நிற்க, அவர் போகத்துக்குப் போகம் தன் பழைய வரம்பை மறுபடி கட்டினார், ஆறு முழமும் அவரிடமே இருந்தது. ஒவ்வொரு ஜூலையிலும் நைல் வந்து வரம்பைக் கரைத்தது. ஒவ்வொரு ஒக்டோபரிலும் கயிற்றுக்காரர்கள் வந்து அளந்தார்கள். அந்த நாட்களில் யஹ்யா மாத்தளைக்குப் போய் ஒளிந்துகொள்வார்.

இடையில் அவர் கச்சேரிக்கு ஒரு பெட்டிசம் எழுதினார். பிறதேசத்தார் அனுமதியின்றி நிலம் அளக்கிறார்கள் என்று. விசாரிக்க வந்தவர் தர்மராஜா என்ற நில அளவையாளர். யாழ்ப்பாணத்து மனிதர், பத்து வருஷத்தில் ஏழு இடமாற்றம் கண்டவர், உத்தியோகத்தில் நிலைக்க வேண்டிய சிங்களப் பரீட்சைக்கு மூன்றாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தவர். அவர் பழைய வரைபடத்தை விரித்து, சங்கிலி பிடித்து, வெயிலில் ஒரு நாள் முழுக்க அளந்தார். பிறகு ஸைனம்புவிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"என்ர சங்கிலியும் அவையின்ர கயிறும் ஒண்டைத்தான் சொல்லுது, அம்மா. ஒரு விரல்கூட வித்தியாசம் இல்லை. நல்ல வேலைக்காரர்."

யஹ்யாவிடம், "அந்தக் கல்லை ஒருக்கா இறக்கி வையுங்கோ, குறிக்கோணும்" என்றார். "அது இறங்காது, தொர" என்றார் யஹ்யா. தர்மராஜா குறிப்புப் புத்தகத்தில், 'நடு எல்லைக்கல் அயல் நிலச் சொந்தக்காரரின் வலது தோளில் உள்ளது' என்று எழுதி, திகதி போட்டுக் கையொப்பம் வைத்தார். வழக்குப் போடலாம், வெல்லும் என்று அவளிடம் சொன்னார். ஸைனம்பு தலையாட்டினாள். மாத்தளைக்கு எத்தனை தரம் பஸ் ஏற வேண்டும், அந்த நாட்களில் யார் நெல் குற்றுவது என்று அவளுடைய மனம் கணக்குப் பார்த்துவிட்டு, முடியாது என்று அமர்ந்துகொண்டது.

1960இல் ஒரு நாள், யஹ்யா கல்லோடு படியேற மாட்டாமல் பள்ளிவாசல் வாசலில் நின்றதைக் கண்டு, அவள் லெப்பையைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துச் சொன்னாள்: "அந்தத் துண்டு நானாவுக்கே ஈக்கட்டும். நான் ஹலாலாக்கிட்டேன்." எல்லாரும் கல்லைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. லெப்பை தாடியைத் தடவினார். வீட்டுக்கு நடக்கும்போது ஸைனம்புவுக்குக் காரணம் விளங்கியது. அவள் கொடுக்கவில்லை, பொறுத்துப் பொறுத்து அலுத்து, கையை விரித்திருந்தாள். களைப்பும் மன்னிப்பும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருப்பவனுக்குத்தான் எது எதுவென்று தெரியும். அன்று இரவு றஸ்மியா மரவள்ளிக் கிழங்கின் தோலை உரித்தபடி, "உம்மா, அது என்ட சோறும்தானே" என்று மட்டும் சொன்னாள்.

1962 ஒக்டோபரில் கயிற்றுக்காரர்கள் வந்தபோது யஹ்யாவால் மாத்தளைக்குப் போக முடியவில்லை. காய்ச்சலில் எழும்பி, வெயில் காய வெளியே வந்து, வயலுக்கு மேலே உள்ள பாதையோரத்துப் புளியமரத்தில் சாய்ந்து நின்றார். கல் அழுத்தி அழுத்தித் தோள் புண்ணாகி, சட்டையில் நீர் கசிந்திருந்தது. ஸைனம்பு கீழே ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். கயிறு பிடிப்பவர்களில் ஒருவர், நடுவயதுக்காரர், அவரைக் கண்டார். அந்த மனிதரின் வலது தோளிலும், காலமெல்லாம் கல் சுமந்தவர்களுக்கு வரும் அந்தக் கொழுப்புக்கட்டி, ஒரு சின்ன மாங்காய் அளவுக்கு இருந்தது. அவர் பாதி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறிப் போனார். யஹ்யா ஓடப் பார்த்தார், கால் வரவில்லை. அந்த மனிதர் கல்லை இறக்க முயலவில்லை, யார் எடுத்தது என்று கேட்கவில்லை. தன் தோளில் கல்லுக்கு அணையாகக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார், நாலாக மடித்தார், கல்லின் விளிம்பை ஒரு கையால் விரலளவு உயர்த்தி, மடித்த துண்டைப் புண்ணுக்கும் கல்லுக்கும் நடுவே செருகினார். சரியாக இருக்கிறதா என்று இரண்டு தரம் தட்டிப் பார்த்தார். பிறகு இறங்கிவந்து மீதி ரொட்டியைச் சாப்பிட்டார்.

ஸைனம்பு பார்த்துக்கொண்டே நின்றாள். ஆறு வருஷம். அந்தக் கல் இறங்க வேண்டும் என்று அவள் எத்தனையோ துஆக் கேட்டிருக்கிறாள், இறங்கவே கூடாது என்றும் சில நாள் நினைத்திருக்கிறாள். இறங்கும் வரை நானாவுக்கு வலிக்குமே, ஒரு துணியை வைப்போம் என்று ஒரு நாளும் அவளுக்குத் தோன்றவில்லை. பிர்அவ்னின் தேசத்து ஆளுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள், மேலே ஏறினாள், கல்லின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் கொடுத்தாள்.

"இந்தப் பக்கத்த நான் புடிக்கிறேன் நானா. நீங்க நடங்க. எங்க போறதெண்டு நான் கேக்க மாட்டேன்."

யஹ்யா நடக்கவில்லை. அவருடைய தோள் குலுங்கியது, கல்லும் சேர்ந்து குலுங்கியது. ஐம்பது வயது மனிதர், பாதையில் போனவர்கள் பார்க்க, மூக்கைச் சிந்தச் சிந்த அழுதார்.

"நான்தான் புள்ள வரம்ப நடக்க வச்சேன்," என்றார். "ஒரு தரமெல்லாம் இல்ல. ஒவ்வொரு போகமும். ஒனக்குத் தெரியும் எண்டும் எனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள் ஸைனம்பு. "வாங்க. சேறு வழுக்கும்."

இரண்டு பேரும் கல்லைப் பிடித்துக்கொண்டு வயலில் இறங்கினார்கள். கயிற்றுக்காரர்கள் கயிற்றைத் தாழ்த்தி வழிவிட்டார்கள். குழி ஆறு வருஷமாகத் தூர்ந்து போயிருந்தது. யஹ்யாதான் குந்தியிருந்து கையால் தோண்டினார். குனிந்தபோது கல் தோளிலிருந்து சாதாரணக் கல் போல உருண்டு, குழியில் விழுந்து நின்றது. கிழவர் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். மடித்த துண்டு யஹ்யாவின் தோளிலேயே இருந்தது. அந்த மனிதர் அதைத் திரும்பக் கேட்கவில்லை. ஸைனம்பு அன்று ரொட்டி எட்டாகத் தட்டியிருந்தாள். மிச்சமிருந்ததில் ஒன்றை நானாவுக்குக் கொடுத்தாள், அவர் சேற்றிலேயே குந்தியிருந்து, கயிற்றுக்காரர்களுக்குப் பக்கத்தில், அதைத் தின்றார். களைப்பு அவளை விட்டுப் போகவில்லை. மறுநாள் காலையிலும் அது இருந்தது. ஆனால் அடுத்த அறுவடைக்கு முந்திய இரண்டு மாதமும் அந்த வீட்டில் சோறு வெந்தது.

1964இல் பயிர்ச்செய்கைக் குழுவிலிருந்து ஒரு லிகிதர் சைக்கிளில் வந்து, சாலிஹின் கடை வாங்கில் உட்கார்ந்து, வயற்காரர்களின் பதிவேட்டைப் புதிதாக எழுதினார். அதுவரை மூன்று பேலையும் யஹ்யாவின் பெயரில்தான் இருந்தது. யஹ்யா முன்னால் போய் நின்று, தனக்கு இரண்டு என்று எழுதச் சொன்னார். மற்றப் பேலைக்குச் சொந்தக்காரர் யார் என்று லிகிதர் கேட்டார்.

"ஸக்கரியாட மகள் ஸைனம்பு."

"பொம்புளைப் பேர்ல போடவா?"

"அவட நிலத்த அவட பேர்லதானே போடணும், தொர."

லிகிதர் எழுதினார். இன்னும் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அவருக்குத் தலையிடியும் இருந்தது. நீர் எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மாரிக்குக் குளம்," என்றார் யஹ்யா. "ஜூலையில நைல்."

லிகிதர் தலை நிமிராமல் அதையும் எழுதி, தாளைத் திருப்பி, "எருமை எத்தனை?" என்று கேட்டார்.